நாமும் ஒருவருக்கு மேல்மடைதான்
எளாவூரிலிருந்து நாகலாபுரம் மலைக்கு ஐந்து நாள் நடை

எங்கள் வயலில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும். மழை பெய்து ஓய்ந்த காலை என்றால் நீலமாக, கை நீட்டினால் தொடலாம் போலத் தெரியும். ஐம்பது வருஷமாகப் பார்க்கிறேன். "மலையில மேகம் கட்டிக்கிச்சு, களத்து நெல்லை மூடு" என்பார் அப்பா. எங்களுக்கும் அந்த மலைக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். திருப்பதிக்குப் போயிருக்கிறோம், ஊட்டிக்குக் கூடப் போயிருக்கிறோம். தினமும் கண்ணில் படுகிற மலைக்கு ஒரு நாளும் போனதில்லை.

எளாவூர் என்றால் பலருக்கும் நெடுஞ்சாலைச் சோதனைச்சாவடிதான் ஞாபகம் வரும். அதற்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி, மேற்கே சத்தியவேடு, நாகலாபுரம் மலைகள். ஏரிக்காவது பூநாரை பார்க்க ஆட்கள் வருகிறார்கள். மலைப்பக்கம் தடா அருவிக்குச் சென்னைப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வருவதோடு சரி. மற்றபடி கேட்பாரற்ற மலை.

போன தை கடைசியில், சம்பா அறுப்பு முடிந்த கையோடு, அந்த மலைக்கு நடந்தே போனோம். "உழவனுக்கு ஏது லீவு?" என்று எல்லாரும் சிரித்தார்கள். வீட்டில் மட்டும் "மாட்டை நான் பார்த்துக்கறேன், போய்ட்டு வாங்க" என்றார்கள். போனது நாலு பேர்: நான், வேளாண் டிப்ளமோ படிக்கும் என் அக்கா மகன், தெலுங்கு நன்றாகத் தெரிந்த மாதர்பாக்கம் பக்கத்து இயற்கை விவசாயி ஒருவர், ஏரிக்கரைக் குப்பத்து மீனவர் அண்ணன் ஒருவர்.

விவசாயிகள் நடைக்கு மீனவர் ஏன் என்று கேட்பீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வாளியில் வந்த இறால்

ஒன்பது வருஷத்துக்கு முன்பு நானும் மருந்து அடித்துக்கொண்டிருந்தவன்தான். ஒரு சம்பாவில் குருத்துப்பூச்சி வந்தது. கடையில் கொடுத்ததை வாங்கி அடித்தேன். மறுநாள் இரவு கனமழை. வயல் மூழ்கிவிடும் என்று மடையைத் திறந்து விட்டேன். தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, ஓடையில் சேர்ந்து, ஏரிக்குப் போயிற்று. எங்கள் பக்கத்துத் தண்ணீர் எல்லாம் அங்கேதான் போகும்.

மூன்று நாள் கழித்து ஒருவர் வரப்பில் வந்து நின்றார். கையில் ஒரு வாளி. அதில் செத்த இறால் குஞ்சுகள். "இது உன் வயக்காட்டுத் தண்ணியா தம்பி?" என்று கேட்டார். சண்டை போடவில்லை. கேட்டுவிட்டு வாளியை வரப்பில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

என் மருந்துதான் என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வருஷம் அரை ஏக்கரில் மருந்தை நிறுத்தினேன். நாலு வருஷத்தில் மூன்று ஏக்கரும் மாறியது. அந்த வாளிக்காரர்தான் இப்போது எனக்கு அண்ணன். என் வீட்டுச் சின்னவன், பக்கத்து வயல்காரன், இன்னும் மாறவில்லை. "நீ ஒருத்தன் நிறுத்தினா ஏரி சுத்தமாயிடுமா?" என்பது அவன் கேள்வி. அந்தக் கேள்வியையும் மூட்டையில் கட்டிக்கொண்டுதான் கிளம்பினேன்.

அண்ணனுக்கு வேறு காரணம். "கடலுக்குள்ள போனா கரை மறைஞ்சிடும் தம்பி, தென்னந்தோப்பு மறைஞ்சிடும். மலை மட்டும் தெரியும். அதை வெச்சுத்தான் வீடு திரும்பறோம். ஒரு தடவை கிட்டப் போய்ப் பார்க்கணும்" என்றார். இது அவர் மட்டும் சொல்வதல்ல. பாய்மரக் கப்பல் காலத்திலேயே மாலுமிகள் இந்தக் கரையை அடையாளம் கண்டது மேற்கே தெரியும் மலைகளை வைத்துத்தான். சுமார் 2,800 அடி உயரமுள்ள நகரி மூக்கு மலை கடலோடிகளுக்கு அன்றே தெரிந்த அடையாளம்.

முதல் நாள்: வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு

விடியற்காலை கிளம்பினோம். ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம்: முடிந்தவரை தண்ணீர் வந்த வழியிலேயே நடப்பது. தார்ச்சாலையில் நடந்தால் ஊர் தெரியும், நிலம் தெரியாது.

அண்ணன் இடுப்பில் ஒரு முழம் வலைக்கயிறு வைத்திருந்தார். வாய்க்கால் கரையில், மோட்டார் கொட்டகை ஓரத்தில், பூச்சிமருந்து காலி பாட்டில் கண்ணில் பட்டால் ஒரு முடிச்சு. மாதர்பாக்கம் போவதற்குள் கயிறு தீர்ந்து, என் அக்கா மகன் பையிலிருந்து வேறு கயிறு கொடுக்க வேண்டியதாயிற்று.

ஒரு பாட்டிலை எடுத்து மருமகன் விளக்கினான். அதன் மேல் முக்கோணத்தில் ஒரு நிறம் இருக்கும். சிவப்பு என்றால் கொடியது, மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறையும். அது எலி போன்ற பாலூட்டிகளை வைத்துப் போட்ட கணக்கு. அடிக்கிற ஆளுக்கு எவ்வளவு ஆபத்து என்பதற்கான அடையாளம். இறாலுக்கும் மீனுக்கும் அந்த நிறம் எதையும் சொல்லாது. சைபர்மெத்ரின் போன்ற செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் மனிதனைவிட நீர்வாழ் உயிர்களுக்குப் பல மடங்கு கொடியவை. காரணம் எளியது. பூச்சியும் இறாலும் நண்டும் கணுக்காலிகள் என்ற ஒரே பெருங்கூட்டம். பூச்சியின் நரம்பைத் தாக்கும் மருந்துக்கு இறாலின் நரம்பும் அதேதான்.

"அப்போ எங்க இறாலு உங்களுக்குப் பூச்சி" என்றார் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை.

ராத்திரி மாதர்பாக்கம் நண்பர் வீட்டில் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும். படுத்துக்கொண்டே அண்ணன் பாடு முறை பற்றிச் சொன்னார். ஏரியில் இறால் வரும் இடங்கள் எல்லாம் ஒன்றுபோல இல்லை. நல்ல இடத்தை வலுத்தவன் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, எந்த நாள் எந்த இடம் யாருக்கு என்று ஊர்கூடி முறை வைத்துக்கொள்கிறார்கள். அதுதான் பாடு. அந்த உரிமை பரம்பரையாக வருகிற சமூகத்துக்கு மட்டும்தான். வலையும் படகும் இல்லாத இருளர்கள் முழங்கால் தண்ணீரில் கையால் தடவித்தான் இறால் எடுக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

நாங்கள் எங்கள் ஏரிப் பாசன முறையைச் சொன்னோம். நீர்கட்டி, மடை, முறைப்பாய்ச்சல், கலங்கல். "கடைமடைக்காரன் எப்பவும் மேல்மடைக்காரனைத் திட்டிக்கினுதான் இருப்பான்" என்று நண்பர் சொன்னதும் அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். "எங்களுக்கு நீங்கதானே மேல்மடை?"

எனக்குத் தூக்கம் போயிற்று. தண்ணீர் வராத வருஷமெல்லாம் மேலே உள்ளவனைத் திட்டியிருக்கிறேன். எனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்று நினைத்ததே இல்லை. கடைமடை என்றால் கடைசி வயல் என்றுதான் நினைத்திருந்தேன். கடைசி வயலுக்கும் கீழே ஒரு வலை இருக்கிறது.

இரண்டாம், மூன்றாம் நாள்: மண் மாறும் வழி

எளாவூரில் கால் பதிந்தது உவர் களியில். மாதர்பாக்கம் தாண்டியதும் செம்மண். சத்தியவேடு நெருங்க நெருங்கச் செஞ்சரளை, அதில் உருண்டை உருண்டையாகக் கூழாங்கல். ஆற்றில்தானே கூழாங்கல் இருக்கும், இங்கே குன்றே கூழாங்கல்லாக இருக்கிறது. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்பு நீர் உருட்டி வந்து சேர்த்த கல் இறுகிப் பாறையானது இது. இதே வகைக் குன்றுகள் தெற்கே பூண்டி பக்கத்தில் அல்லிக்குழி மலையாக நீள்கின்றன. அந்தக் கல்லில்தான் நம் பழைய முன்னோர் ஆயுதம் செய்தார்கள். 1863-ல் இராபர்ட் புரூஸ் ஃபூட் அதிரம்பாக்கத்தில் அந்தக் கல்லாயுதங்களைக் கண்டெடுத்தார்.

விவசாயிக்கு இதில் என்ன? சரளைக் குன்று மழையைக் குடிக்கும். குடித்த தண்ணீர் அடிவாரத்தில் கிணறாகவும் ஏரியாகவும் எழும். குன்றைச் சரளைக்காக வெட்டினாலோ மேலே உள்ள புதர்க்காட்டை அழித்தாலோ மழை நேராக ஓடிவிடும். வழியில் வெட்டுப்பட்ட குன்றும் பார்த்தோம், வெட்டுப்படாத குன்றும் பார்த்தோம். வெட்டுப்படாத குன்றின் கீழே இருந்த கிணற்றில் தை கடைசியிலும் குனிந்து அள்ளுகிற ஆழத்தில் தண்ணீர்.

மேய்ச்சல் காட்டை வெறும் தரிசு என்று அரசாங்கம் எழுதுகிறது. தேர்வாய் கண்டிகையில் சிப்காட்டுக்காக ஆயிரம் ஏக்கருக்கும் மேல் அப்படிப் போனபோது, அந்த ஊர் மக்கள் ஆடு மாட்டுக்காகவும் ஏரிகளுக்கு வரும் தண்ணீருக்காகவும் போராடினார்கள். அவர்கள் பேசியது எங்கள் ஏரிக்காகவும்தான் என்பது இந்த நடையில்தான் எனக்குப் புரிந்தது.

சத்தியவேடு இன்று ஆந்திராவில் இருக்கிறது. 1960 ஏப்ரல் 1-ல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி நம் பக்கம் வந்தது, சத்தியவேடு அந்தப் பக்கம் போனது. மக்கள் பேச்சில் எல்லை இல்லை. ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டோம். அந்த அம்மா தெலுங்கில் "எக்கடிக்கி போத்தாரு?" என்று கேட்டு, நாங்கள் மலையைக் காட்டியதும் தமிழில் "இந்த வெயில்லயா? உக்காருங்க, மோர் குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

அந்தப் பக்கம்தான் கண்டலேறு-பூண்டிக் கால்வாயைக் கடந்தோம். 1983 ஒப்பந்தப்படி வெட்டி, 1996-ல் முதல் முறையாகக் கிருஷ்ணா தண்ணீரைப் பூண்டிக்குக் கொண்டுவந்த கால்வாய் இது. சென்னைக்கு ஆண்டுக்கு 12 டி.எம்.சி. தர வேண்டும் என்பது கணக்கு. எங்கேயோ மகாராஷ்டிர மலையில் பெய்த மழை நம் காலடியில் ஓடுகிறது. பக்கத்திலேயே இருக்கிற மலையின் மழையை மட்டும் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாம் நாள் முழுக்க மலை அடிவாரத்தை ஒட்டியே மேற்கே நடை. மாந்தோப்பு, நிலக்கடலை, நெல். ஒரு தோப்பில் களைக்கொல்லி அடித்து மரத்தடி எல்லாம் வெளுத்துக் கிடந்தது. பக்கத்துத் தோப்பில் கொழுஞ்சி தானாக முளைத்து நிற்க, அதன் மேலேயே இலை உதிர்ந்து மக்கிக்கொண்டிருந்தது. அந்தத் தோப்புக்காரர் இயற்கை விவசாயி என்று தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை. "களை எடுக்கக் கூலி கொடுக்க முடியல, விட்டுட்டேன்" என்றார். மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தோம். ஈரமும் மண்புழுவும் இருந்தன. "நீங்க விட்டது நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு, மூடாக்கு பற்றி அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் நாகலாபுரம். கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாம்பாள் பெயரில் அமைத்த ஊர். அங்கே வேதநாராயணர் கோயிலில் பெருமாளுக்கு மச்சாவதாரக் கோலம், இடுப்புக்குக் கீழே மீன் உடல். அண்ணன் வாயடைத்து நின்றார். "கடலை வுட்டு இவ்ளோ தூரம் தள்ளி, மலைக்குக் கீழ, மீனு சாமி இன்னா பண்ணிக்கினு கீறாரு?" என்றார் வெளியே வந்ததும். பிறகு அவரே பதில் சொன்னார். "தண்ணி இங்கருந்துதானே வருது. சரியான எடத்துலதான் கீறாரு."

நாலாம் நாள்: கயிற்றில் முடிச்சு விழாத இடம்

வனத்துறையிடம் சொல்லி, உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன் காலை ஆறரைக்கு மலை ஏறினோம். முதலில் விராலியும் ஈச்சம் புதரும், அப்புறம் வெப்பாலை, உசிலை, காட்டு நெல்லி. ஓடையை ஒட்டி மரங்கள் உயர்ந்துகொண்டே போயின. நடுவே செம்மரம். உலகத்தில் இந்தக் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில்தான் அது இயற்கையாக வளர்கிறது.

செம்மரத்தைப் பார்த்ததும் பேச்சு நின்றது. 2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுக் கூலித்தொழிலாளர்கள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்ட மலை ஊர்களின் ஏழைகள். ஊரில் பிழைப்பு இருந்திருந்தால் எவன் கோடாலியோடு இந்தக் காட்டுக்கு வருவான்? சாமை, தினை விளைந்த மலைகளில் அந்த விவசாயம் கட்டுப்படியாகாமல் போனதையும் இந்தச் சாவோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று நண்பர் சொன்னார். கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசாமல் ஏறினோம்.

ஓடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாறையில் குடைந்த குளங்கள், அடியில் கிடக்கும் கூழாங்கல் வரைக்கும் தெரிகிற தண்ணீர். சின்னச் சின்ன மீன்கள் காலைக் கொத்தின. காட்டுத் தரையில் கணுக்கால் அளவு சருகு. மருமகன் சருகை விலக்கிக் கையை விட்டான். மேலே காய்ந்த இலை, அதன் கீழே பூஞ்சணம் படர்ந்த இலை, அதற்கும் கீழே கறுப்பு மண். யாரும் உரம் போடவில்லை, யாரும் உழவில்லை. புத்தகத்தில் படித்து, வகுப்பில் கேட்டு, வயலில் வருஷக்கணக்கில் நாம் செய்து பார்க்கிற மூடாக்கு இங்கே தானாக நடந்துகொண்டிருக்கிறது. இந்தச் சருகு மெத்தைதான் ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வைத்து, தை கடைசியிலும் ஓடையை ஓட வைக்கிறது.

அண்ணன் கயிற்றை எடுத்துப் பார்த்தார். அடிவாரக் கடைசித் தோப்புக்கு அப்புறம் அதில் ஒரு முடிச்சுகூட விழவில்லை. தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். "இது நம்ம ஊருக்கு வர்ற தண்ணியா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். "இப்படியே வந்தா எப்படி இருக்கும்!"

அப்போதுதான் அவருக்கு ஜப்பான் கதையைச் சொன்னேன். கெசென்னுமா என்ற கடலோர ஊரில் ஹதகேயாமா ஷிகேயாட்சு என்று ஒரு சிப்பி வளர்ப்பவர். கடல் கெட்டுச் சிப்பி வீணானபோது அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. கடலுக்கு வரும் ஆற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போனார். 1989-ல் மற்ற மீனவர்களையும் கூட்டிக்கொண்டு மலையில் மரம் நட ஆரம்பித்தார். காட்டின் இலை மக்கிய சத்து ஆற்றில் வந்தால்தான் கடலில் நுண்பாசி வளரும், பாசி இருந்தால்தான் சிப்பி. அந்த இயக்கத்தின் பெயரே 'காடு கடலின் காதலி'. மேலே உள்ள விவசாயிகளும் பள்ளிப் பிள்ளைகளும் அதில் சேர்ந்தார்கள். 2012-ல் ஐ.நா. அவருக்கு 'காட்டின் நாயகர்' என்ற பட்டம் கொடுத்தது.

அண்ணன் கேட்டது ஒன்றுதான். "அந்த ஆளு மலைக்காரங்ககிட்ட சண்டை போட்டாரா?" இல்லை, மரம் நட்டார் என்றேன். "நல்ல ஆளு" என்றார். எனக்கு வரப்பில் வைத்த வாளி ஞாபகம் வந்தது.

ஐந்தாம் நாள்: விஷம் குடித்த சாமியின் ஆற்றங்கரை

திரும்பும்போது ஆரணியாற்றைப் பிடித்துக்கொண்டோம். திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி ஊரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது மேற்கு மலைகளில் பிறந்து, பிச்சாட்டூர் அணையில் தங்கி, நாகலாபுரம் மலை ஓடைகளையும் வாங்கிக்கொண்டு, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஏரியில் விழும் ஆறு.

சுருட்டப்பள்ளி வரை நடந்தோம். ஆற்றங்கரைக் கோயிலில் சிவன் படுத்திருக்கிறார். பள்ளிகொண்ட பெருமாளைப் பார்த்திருப்பீர்கள், பள்ளிகொண்ட சிவனைப் பார்ப்பது அபூர்வம். பாற்கடலில் வந்த ஆலகால விஷத்தைக் குடித்து மயங்கி அம்மன் மடியில் தலை வைத்துச் சாய்ந்திருப்பதாகத் தலபுராணம். அண்ணன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து ஆற்றைப் பார்த்தபடி சொன்னார். "ஒரு தடவை குடிச்சதுக்குச் சாமிக்கே இந்த கதி. எங்க இறாலு வருசா வருசம் குடிக்குது தம்பி."

அதற்கு மேல் நான் இந்தக் கட்டுரையில் எழுத ஒன்றுமில்லை என்றுகூடச் சொல்லலாம்.

ஊத்துக்கோட்டையிலிருந்து பஸ். பெரியபாளையத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தோம். மணல் எடுத்த குழிகளில் தேங்கிய பச்சைத் தண்ணீர். கரையில் பவானி அம்மன் கோயிலுக்கு வேப்பஞ்சேலை கட்டிக்கொண்டு போகும் பெண்கள். மறுபடியும் பஸ். பொன்னேரி, பழவேற்காடு. ஏரிக்கரை சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தூரத்தில் பூநாரைகள் ரோஜா நிறக் கோடு மாதிரி நின்றன.

அண்ணன் ஏரியின் கணக்கைச் சொன்னார். தாய் இறால் கடலில் முட்டை இடும். குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்கு வந்து, நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலந்த இடத்தில் தின்று வளர்ந்து, மறுபடியும் கடலுக்குப் போகும். மடவை மீனுக்கும் கிட்டத்தட்ட இதே வழிதான். மேலே இருந்து ஆற்று வெள்ளம் வந்தால்தான் மணல் அடைத்த முகத்துவாரம் நன்றாகத் திறக்கும், ஏரியின் உப்பும் தணியும். ஆறு வராத வருஷம் கோடையில் ஏரித் தண்ணீர் கடலைவிட உப்பாகிவிடும். சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. இத்தனை பெரிய ஏரியின் உயிர் மேலிருந்து வரும் நல்ல தண்ணீரில் இருக்கிறது. அந்தத் தண்ணீர் நம் வயல் வழியாகத்தான் வருகிறது.

விவசாயிக்கும் ஏரிக்கும் நடுவே இன்னொரு பாடமும் இருக்கிறது. 1990-களில் கடலோர நஞ்சையில் இறால் பண்ணைகள் வந்து, நிலத்தையும் குடிநீரையும் உப்பாக்கின. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் இருந்த பண்ணைகளை இடிக்கச் சொன்னது. நிலம் கெட்டபோது மீனவர்களும் நம்மோடு சேர்ந்துதான் போராடினார்கள். இப்போது நம் முறை.

வயலுக்குத் திரும்பிய பிறகு

நான் மருந்து அடிக்காதவன், எனக்கு இதில் பங்கில்லை என்று நினைத்துத்தான் போனேன். நடந்தபோது என் தப்பும் தெரிந்தது. புகையிலைக் கரைசல் இயற்கையில் வந்ததுதான், அதில் உள்ள நிக்கோட்டின் விஷம்தான். வேப்பெண்ணெயும் அளவு மீறித் தண்ணீரில் கலந்தால் நீர்வாழ் உயிருக்குக் கெடுதல். கோழி எருவை மழைக்கு முன் கொட்டினால் சத்து எல்லாம் ஓடையில் போய்ப் பாசியாக முளைக்கும். 'இயற்கை' என்ற பெயர் இருப்பதால் எதையும் மடை வழியே விட்டுவிடலாம் என்றில்லை.

அதனால் நான் மூன்று காரியம் செய்கிறேன். கரைசல் தெளித்த வயலின் மடையைக் குறைந்தது ஐந்து நாள் திறப்பதில்லை, மழை வரும் போலிருந்தால் தெளிப்பதே இல்லை. கிழக்குக் கடைசிச் சால் நிலத்தில் அரை சென்ட் அகலத்துக்குக் குழி வெட்டி, கோரையும் வெட்டிவேரும் விட்டிருக்கிறேன். வயல் தண்ணீர் அதில் தங்கித் தெளிந்துதான் வாய்க்காலுக்குப் போகும். தெளிப்பான் கழுவிய தண்ணீர் வரப்பு மரத்துக்கு. பெரிய செலவு எதுவும் இல்லை.

சின்னவன் கேள்விக்குப் பதில் கிடைத்ததா? நான் ஒருத்தன் நிறுத்தினால் ஏரி சுத்தமாகாது. அது உண்மை. முடிச்சு விழுந்த கயிற்றை அவன் முன்னால் வைத்தேன். ஒவ்வொரு முடிச்சாகத் தடவிப் பார்த்தான். "நம்ம வாய்க்கால்ல எத்தனை?" என்று கேட்டான். அண்ணன் முதல் அரை முழத்தைக் காட்டினார். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த தையில் நடை எப்போது என்று அவன் மனைவி வந்து கேட்டுவிட்டுப் போனாள்.

நடக்க நினைப்பவர்களுக்கு

எங்கள் ஏரிக்குத்தான் வர வேண்டும் என்பதில்லை. உங்கள் வயலுக்குத் தண்ணீர் எந்த மலையிலிருந்து வருகிறதோ அங்கே போங்கள். கல்வராயன், பச்சைமலை, சவ்வாது மலை, சித்தேரி என்று கூட்டம் மிதிக்காத மலைகள் நம்மிடம் நிறைய உண்டு.

தை, மாசி நல்ல மாதம். ஓடையில் தண்ணீர் இருக்கும், வெயில் தாங்கும். பங்குனிக்கு மேல் காட்டுக்குள் போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 23 பேரை இழந்தோம். வனத்துறை அனுமதி இல்லாமலும் உள்ளூர் ஆள் இல்லாமலும் காட்டில் கால் வைக்க வேண்டாம். செம்மரக் காடுகளில் இதை இரட்டிப்பாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2024 முதல் வனத்துறையே 40 மலைப் பாதைகளுக்குப் பதிவு செய்து அழைத்துப் போகிறது. பூண்டி பக்கத்துக் குடியம் குகைப் பாதையும் அதில் ஒன்று.

ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடாதீர்கள். நின்று பேசத்தான் போகிறோம். வறுத்த அவல், வெல்லம், நிலக்கடலை போதும். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். ஒரு நோட்டு, கைப்பிடி மண் எடுக்கத் துணிப்பைகள், ஒரு முழம் கயிறு. மாட்டைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கு அடுத்த முறை உங்கள் நடை முறையை விட்டுக் கொடுங்கள்.

முக்கியமாக, உங்களுக்குக் கீழே இருக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கடைமடை விவசாயியோ, மீனவரோ, ஊருக்குக் கீழே குடிநீர் எடுக்கும் பெண்ணோ. தனியாகப் போயிருந்தால் மலை அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன். அண்ணன் கூட வந்ததால்தான் என் மடையைப் பார்த்தேன்.